எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது

உயரம் ஏற்றிய ஜீப்பும் பிக்கப்பும் வைத்திருப்பவர்கள் என் பட்டறையில் வந்து இறங்கியதும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, பிரேக் வீக்கா இருக்கு. பெரிய டிஸ்க்கா போட்டுடலாமா?" எப்போதிலிருந்து இப்படி என்று கேட்பேன். கமான் மாற்றி வண்டியைத் தூக்கிய பிறகுதான் என்று பதில் வந்தால் டிஸ்க், பேடு, பூஸ்டர் எதையும் தொடமாட்டேன். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, பின்அச்சு ஹவுசிங்குக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடுகிறதா என்று பார்ப்பேன். அந்தக் கம்பி இருந்தால் பாதி வழக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

வண்டியை உயர்த்தும்போது பிரேக்கின் பலம் கொஞ்சம் குறைவது உண்மைதான். ஆனால் அதைவிட அதிகமாகக் கெடுவது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் கணக்கு. பங்கு கெட்ட இடத்தில் பலத்தைக் கூட்டினால் கெட்டது இன்னும் கெடும். இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம் ஆகும். வண்டிக்காரருக்குப் புரிகிற வரை நான் ஸ்பானரை எடுப்பதில்லை.

இந்தப் பங்குக் கணக்கை நான் கற்றது ஜீப்பில் அல்ல, டிரெய்லரில். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் உள்ள தெருக்களில் பிரேக் வேலை என்றாலே அந்தக் காலத்தில் லாரி வேலைதான். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் ஊர் இது. பெட்டி ஏற்றி உள்ளே போகிற டிரெய்லர் திரும்பும்போது காலியாக வரும். முழுச் சுமைக்குத் தேவையான பிரேக் அழுத்தம் காலித் தட்டுக்கு மிக அதிகம். பின்சக்கரங்கள் சுழல்வதை நிறுத்தி ரோட்டில் இழுபடும். டயரில் ஓரிடம் மட்டும் தேய்ந்து தட்டையாகும். ரப்பர் கருகும் நாற்றம் தெருவெல்லாம் வரும். அதற்காகவே லாரிகளில் சுமையைப் பார்த்துக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரிய ஃபிட்டர் எண்ணூர் அசோக் லேலண்டில் அப்ரென்டிஸ் முடித்து வந்தவர். பிரேக் கம்ப்ளெயின்ட் என்று எந்த வண்டி வந்தாலும், காலியாக ஓட்டும்போதா, லோடு ஏற்றின பிறகா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் வராமல் சக்கரத்தைக் கழற்ற விடமாட்டார். லாரியில் அவர் கேட்ட கேள்வியை நான் ஃபோர் வீல் வண்டிகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வட சென்னையில் இவ்வளவு வண்டிகள் உயர்ந்து நிற்கக் காரணம் மலையேற்ற ஆசை மட்டும் கிடையாது. 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கே வந்தது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதைத் திரும்பக் காட்டியது. கொள்ளையாகச் செலவழித்து என்ஜினைப் பிரித்துக் கழுவிய பலர், அடுத்த மழைக்குள் வண்டியை மூன்று அங்குலமாவது தூக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எர்ணாவூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் மிக்ஜாம் வெள்ளத்தில் நனைந்து வந்த வண்டிகளின் டிரம்மைக் கழற்றினால் உள்ளே சேறு மட்டும் இல்லை, கறுப்பு எண்ணெயும் இருந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கலந்து வந்த தண்ணீர் அது. எண்ணெய் ஊறிய லைனிங்கைத் தேய்த்தாலும் வெயிலில் காயவைத்தாலும் சரியாகாது. சூடேறும்போது உள்ளே ஊறியது திரும்ப மேலே கசியும். ஒரு சக்கரத்தில் மட்டும் ஊறியிருந்தால் வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து ஷூவை மாற்றுவது ஒன்றுதான் வழி.

கம்பிக்கு வருகிறேன். பின்னால் சுமை ஏற்றும் வண்டிகள் பலவற்றில் பின்அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு வால்வு இருக்கும். எங்கள் பேச்சில் லோடு வால்வு, கடையில் எல்.எஸ்.பி.வி. என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். அதிலிருந்து ஒரு நெம்புகோல், நெம்புகோலிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஹவுசிங்குக்கு வரும். சுமை ஏறினால் கமான் அமுங்கி சேசிஸ் இறங்கும், நெம்புகோல் மேலே தள்ளப்படும், வால்வு பின்பிரேக்குக்கு முழு அழுத்தத்தையும் விடும். வண்டி காலியானால் சேசிஸ் உயரும், வால்வு பின்னுக்குப் போகிற அழுத்தத்தை ஓரளவுக்கு மேல் வெட்டிவிடும். சுமை எத்தனை கிலோ என்று வால்வுக்குத் தெரியாது. சேசிஸுக்கும் அச்சுக்கும் இடையில் உள்ள தூரம்தான் அதற்குத் தெரிந்த ஒரே சேதி.

இப்போது கமானில் கூடுதல் பட்டை வைத்து, ஷேக்கிளை நீட்டி, வண்டியை மூன்று அங்குலம் தூக்குகிறார்கள். தூரம் கூடிவிட்டது. வண்டி காலி, காலியையும்விடக் காலி என்று வால்வு எடுத்துக்கொள்கிறது. பின்னால் அரை டன் ஏற்றினாலும் அதன் கணக்கு மாறாது. பின்பிரேக் பெயருக்குப் பிடிக்கும், முன்பிரேக் இரண்டு ஆள் வேலையைச் செய்யும். மீன்கூடையைக் கழியில் மாட்டி இருவர் தூக்கிப்போகும்போது பின்னால் இருப்பவர் கையைத் தளர்த்தினால் முன்னால் இருப்பவரின் தோள் என்ன பாடுபடுமோ, அந்தப் பாடுதான் முன் டிஸ்க்குக்கு.

காட்டுப்பள்ளிப் பக்கம் வேலைத்தளத்துக்கு ஜெனரேட்டரும் பைப்பும் ஏற்றிப்போகிற ஒரு டபுள் கேபின் ஃபோர் வீல் பிக்கப் இப்படித்தான் என்னிடம் வந்தது. வேறோர் இடத்தில் தூக்கிய வண்டி. பேடு மாற்றியாயிற்று, டிஸ்க்கைக் கடைந்தாயிற்று, பூஸ்டரும் புதிது. அப்படியும் பிரேக் போட்டால் மூக்கு குனிந்து, முன்சக்கரத்திலிருந்து புகை வாசனை வந்தது. டிஸ்க்கில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. பின் டிரம்மைக் கழற்றினேன். ஷூவில் தேய்மானமே இல்லை, கிட்டத்தட்டப் புதிது. "பின் ஷூ நல்லா இருக்குது அண்ணே, அது வேணாம்" என்றார் வண்டிக்காரர். அந்த ஷூ நன்றாக இருந்ததுதான் நோய்.

இதற்கென்று நான் வைத்திருப்பது இரண்டு பிரஷர் கேஜ். மண்ணடியில் வாங்கி, நிப்பிள் இருக்கும் இடத்தில் திருகுவதற்கு அடாப்டர் கடைந்து வைத்திருக்கிறேன். ஒன்றை முன்காலிப்பரிலும் இன்னொன்றைப் பின் வீல் சிலிண்டரிலும் மாட்டி, ஏர் எடுத்துவிட்டு, பையனைப் பெடலை அழுத்தச் சொன்னேன். முன்னால் 80 பார் காட்டியபோது பின்னால் 25-ஐ ஒட்டியே முள் நின்றுவிட்டது. அடியில் படுத்து நெம்புகோலைக் கையால் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தச் சொன்னேன். பின்னால் 60-ஐத் தாண்டியது. மாஸ்டர் சிலிண்டர் நல்லது, பைப் அடைப்பு இல்லை, வால்வும் நல்லது. அதற்குப் போகிற சேதிதான் பொய். இந்தச் சோதனைக்கு ஒரு சாமானும் மாற்ற வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் சாமான் மாற்றிய பில்லைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இந்த நோய்க்கு ஊரில் ஒரு குறுக்கு வைத்தியம் உண்டு. கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு நெம்புகோலை மேலே இழுத்துக் கட்டிவிடுவார்கள். பின்பிரேக் உடனே நன்றாகப் பிடிக்கும், வண்டிக்காரரும் மகிழ்ச்சியாகப் போவார். முதல் மழையில், காலி வண்டியில், வளைவில் பிரேக் போடுகிற நாளில் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி தன்னைத்தானே சுற்றும். முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது, வண்டி நேராக வழுக்கிப்போகும். பிரேக்கை விட்டால் திரும்பக் கைக்கு வரும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வால் முன்னால் வந்துவிடும், பிரேக்கை விடுவதற்கு நேரம் இருக்காது. எந்த நிலையிலும் முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும் என்பது பிரேக் தொழிலில் விட்டுக்கொடுக்கவே முடியாத விதி. கம்பி கட்டிய நெம்புகோலோடு வருகிற வண்டியை அவிழ்த்துச் சரிசெய்யாமல் நான் வெளியே அனுப்பியதில்லை. அவர்கள் வந்தது வேறு வேலைக்காக இருந்தாலும் சரி.

சரியான வழி எளிது. வண்டி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு உயரத்துக்குக் கம்பியின் கீழ்முனையை ஹவுசிங் பக்கம் தூக்கிவைக்க வேண்டும். 75 மில்லிமீட்டர் ஏறியிருந்தால் 75 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பிராக்கெட், ஏற்கெனவே உள்ள ஓட்டையில் போல்ட் போட்டு மாட்டினால் போதும். நெம்புகோல் பழைய கோணத்துக்கு வந்துவிடும். ஹவுசிங்கில் வெல்டிங் வைக்க நான் சம்மதிப்பதில்லை. அந்தக் குழாய் கோணினால் பேரிங்கும் ஆயில் சீலும் போய், அந்த ஆயில் நேராக ஷூவில்தான் இறங்கும். பிராக்கெட் மாட்டிய பிறகு கம்பெனி சர்வீஸ் மேனுவலில் சொல்லியிருக்கும் பின்அச்சுச் சுமையை ஏற்றி, கேஜ் மாட்டி, முன்னால் இவ்வளவு என்றால் பின்னால் இவ்வளவு என்ற கணக்கை ஒத்துப்பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். பட்டை கூட்டிய கமான் விறைப்பாக இருக்கும். முன்பு அரை டன்னுக்கு 80 மில்லிமீட்டர் இறங்கிய சேசிஸ் இப்போது 50 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது என்றால், வால்வு முந்நூறு கிலோ ஏறியதாகத்தான் நினைக்கும். காலியில் சரியாக வைத்தால் லோடில் பின்பிரேக் குறையும், லோடில் சரியாக வைத்தால் காலியில் பின்சக்கரம் பூட்டும். காட்டுப்பள்ளி வண்டிக்காரரிடம் இதைச் சொல்லி, சேர்த்த பட்டைகளில் ஒன்றைக் கழற்றச் சொன்னேன். ஒரு அங்குலம் இறங்கும் என்று தயங்கினார். "வெள்ளத்துல ஒரு அங்குலம் போனா போவுது தம்பி, ரோட்டுல வால் போனா?" என்றேன். கழற்றினோம். பிராக்கெட்டையும் அதற்கேற்பக் குறைத்தோம். அடுத்த தடவை வந்தபோது பின் ஷூ தேய்ந்திருந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட வண்டிக்காரரை நான் கண்டதில்லை.

உயரம் எடையைப் பாதிக்கும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மாருதி ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மில்லிமீட்டர். ஆளும் சாமானுமாக 1200 கிலோ, முன்னும் பின்னும் சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் தரையிலிருந்து 650 மில்லிமீட்டர் என்றால், காய்ந்த தார்ச்சாலையில் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது, அதாவது புவியீர்ப்பில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு வேகம் குறையும்போது, ஏறத்தாழ 230 கிலோ பின்னிருந்து முன்னுக்கு மாறுகிறது. பின்சக்கரங்களின் மேல் 370 கிலோதான் நிற்கும். மையம் 100 மில்லிமீட்டர் உயர்ந்தால் மாறுகிற எடை 265 கிலோ, பின்னால் மிஞ்சுவது 335. பின்டயரின் பிடிப்பில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. ஆகவே லோடு வால்வே இல்லாத பழைய ஜீப்பைத் தூக்கினால் பின்சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் பூட்டும். வால்வு உள்ள வண்டியைத் தூக்கினால் பின்பிரேக் தூங்கிவிடும். தூக்கிய வண்டிக்கெல்லாம் ஒரே மருந்து கொடுக்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். வால்வைத் திரும்ப அமைக்கும்போதும் பழைய அழுத்தத்தைவிட ஒரு நூல் குறைவாகவே பின்னுக்கு விடுவது என் வழக்கம்.

டயர் வேறு கதை. 235/70 ஆர்16 டயரின் உயரம் சுமார் 735 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால் 787 வரும். அதே பெடல் அழுத்தத்துக்கு ரோட்டில் கிடைக்கும் பிடி ஏழு சதவீதம் குறையும். ஆனால் இது நான்கு சக்கரத்திலும் சமமாகக் குறைவதால் பங்கு கெடாது, மொத்தம்தான் குறையும். பெரிய டிஸ்க் கேட்டு வருகிறவர்களின் கேள்விக்கு நியாயமான இடம் இது ஒன்றுதான். அங்கேயும் முன்னால் மட்டும் பெரிய டிஸ்க் போட்டுப் பின்னால் தூங்குகிற டிரம்மை அப்படியே விட்டால், ஏற்கெனவே முன்னால் சாய்ந்த தராசை இன்னும் சாய்த்ததாகும்.

ஏர் எடுப்பதில் ஒரு நுணுக்கம். வண்டியை சேசிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் பின்அச்சு தொங்கும். தொங்கும்போது லோடு வால்வு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அந்த நிலையில் பின்நிப்பிளைத் திறந்து எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் உள்ளே இருக்கும் காற்று முழுதாக வராது. பெடல் பஞ்சாகவே இருக்கும், மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியின் எடை கமானில் இறங்கின பிறகே ஏர் எடுக்க வேண்டும். அல்லது நெம்புகோலை மேலே பிடித்துக்கொள்ள ஒரு பையன் வேண்டும். வால்விலேயே நிப்பிள் இருக்கிற வண்டிகளில் அதையும் மறக்கக் கூடாது. பிரேக் ஆயிலில் சிக்கனம் வேண்டாம். புதிய டாட் 3 ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் இழுத்த பிறகு அது 140 வரை இறங்கலாம். ராயபுரத்துக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஏலகிரி இறக்கத்தில் முன்பிரேக் மட்டுமே வேலை செய்கிற வண்டியில் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

அச்சைத் தொங்கவிட வேண்டிய வேலை ஒன்றும் உண்டு: பிரேக் ஹோஸைப் பார்ப்பது. தூக்கிய வண்டியில் சக்கரம் பள்ளத்தில் முழுதாக இறங்கும்போது பழைய நீள ஹோஸ் விறைத்து இழுபடும். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, தொங்கும் நிலையில் பார்த்தால்தான் தெரியும். ஹோஸின் உள்பக்க ரப்பர் கிழிந்து மடிந்தால் ஆயில் போகும், திரும்ப வராது. அந்தச் சக்கரம் மட்டும் பிரேக்கை விட்ட பிறகும் உரசிக்கொண்டே ஓடும்.

பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று வருகிற வண்டிகளில் பிரேக் குற்றவாளியே இல்லாத ஒரு வகை உண்டு. ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்சி ஒன்று. கமானுக்கு மேலே இருந்த அச்சைக் கமானுக்குக் கீழே மாற்றி, ஐந்து அங்குலம் உயர்த்தியிருந்தார்கள். பிரேக் தொட்டால் வண்டி ஒரு பக்கம் ஓடியது. காலிப்பர் இரண்டும் புதிது, ஹோஸ் புதிது. நான் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்துவிட்டு முன்பம்பரில் ஏறி நின்று குதித்தேன். வண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. பிரேக்கைத் தொடவே இல்லை, ஆனால் நோய் தெரிந்துவிட்டது.

கமான் வைத்த முன்அச்சில் டிரா‌ப் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டிராக் லிங்க் கூடியவரை படுத்த நிலையில் இருக்க வேண்டும். உடலைத் தூக்கினால் அதன் மேல்முனை உயர்ந்து, லிங்க் சரிவாகிவிடும். பிரேக் போடும்போது மூக்கு குனியும். முன்அச்சும் கமானைக் கொஞ்சம் முறுக்கும். சரிந்த லிங்க் அந்த அசைவை அப்படியே சக்கரத்தைத் திருப்பும் விசையாக்கும். டிரைவர் பிரேக் இழுக்கிறது என்று நினைப்பார். உண்மையில் ஸ்டியரிங் திருப்புகிறது. அதற்கென்று செய்த கீழிறங்கிய டிராப் ஆர்மோ, சக்கரத்தின் பக்கம் உயர்த்திய ஆர்மோ போட்டு லிங்க்கைப் படுக்கவைத்தால் இழுப்பு போய்விடும். பழைய டிராப் ஆர்மைச் சூடேற்றி வளைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது. சூட்டில் அதன் பக்குவம் போய்விடும். ஒரு நாள் குழியில் முறியும்.

பகுதிநேர ஃபோர் வீல் வண்டியைச் சோதிக்கும்போது கியர் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். "மணல்ல சூப்பரா பிடிக்குதுண்ணே, ரோட்டுலதான் வாலை ஆட்டுது" என்று சொல்லிக்கொண்டு வந்த பையன் பொய் சொல்லவில்லை. ஃபோர் ஹெச்சில் முன்அச்சும் பின்அச்சும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒன்றாகப் பூட்டியிருக்கின்றன, நடுவில் டிஃபரென்ஷியல் இல்லை. பின்சக்கரம் தனியாக நிற்க நினைத்தாலும் முன்சக்கரம் ஷாஃப்ட் வழியாக அதைச் சுழற்றிவிடும். பங்கு கெட்டிருந்தாலும் வெளியே தெரியாது. டூ ஹெச் போட்டு ரோட்டுக்கு வந்ததும் தெரியும். ஆகவே சோதனை ஓட்டம் எப்போதும் டூ ஹெச்சில்தான்.

என் சோதனை ஓட்டம் எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் வரிசை இல்லாத விடியற்காலையில். ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டிய கருங்கல், மறுபக்கம் குடியிருப்பு. நீளமான நேர்த்துண்டு கிடைக்கும்வரை பொறுத்து, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வரிசையாகச் சில நிறுத்தங்கள். பிறகு ஓரம்கட்டி, சூடு பார்க்கும் துப்பாக்கியால் நான்கு சக்கரத்தையும் அளப்பேன். முன்னால் அதிகச் சூடு இருப்பது இயல்பு. இடமும் வலமும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். டிரம் கையை வைத்துக்கொண்டிருக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் சும்மா உருண்டு வந்திருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் தகித்தால் அங்கே ஏதோ சிக்கியிருக்கிறது. கருவி வருவதற்கு முன்னால் பெரிய ஃபிட்டர் தண்ணீரைத் தெளித்து, சுர்ரென்ற சத்தத்தை வைத்தே இதைச் சொல்லிவிடுவார்.

சிக்குவதற்கு இந்த ஊரில் காரணம் தேட வேண்டியதில்லை. கடற்காற்றோடு மீன் வண்டிகளிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீரும் ரோட்டில் கிடக்கிறது. காலிப்பரின் ஸ்லைடு பின் துருப்பிடித்து ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும். டிரம்முக்குள் அட்ஜஸ்டர் இறுகி, ஒரு பக்க ஷூ டிரம்மைத் தொடவே வெகுதூரம் நகர வேண்டியிருக்கும், பெடல் தாழ்ந்துபோகும். லிஃப்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தூக்கிய வண்டி என்றதும் எல்லாப் பழியும் லிஃப்ட்டின் மேல் போய்விடுகிறது. ஷூ அட்ஜஸ்ட் செய்யாமல் வால்வில் கை வைக்கக் கூடாது என்பது என் பட்டறை ஒழுங்கு. இன்னொன்று, வீல் சிலிண்டரையும் காலிப்பரையும் டீசலில் கழுவும் பழக்கம். மினரல் ஆயில் பட்ட பிரேக் ரப்பர் உப்பிவிடும். கழுவப் பிரேக் ஆயிலே போதும், கிரீஸ் என்றால் ரப்பருக்கென்று விற்கும் கிரீஸ்.

நான்கு பக்கமும் டிரம் வைத்த பழைய மஹிந்திரா ஜீப்புக்கு முன்னால் டிஸ்க் மாற்றிக்கொண்டு வருபவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது மாஸ்டர் சிலிண்டரை. டிரம் லைனில் எப்போதும் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் ஒரு சின்ன வால்வு பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் இருக்கும். டிஸ்க் பக்கம் அது இருந்தால் பேடு உரசிக்கொண்டே இருக்கும். அதோடு காலிப்பர் பிஸ்டன் கேட்கிற ஆயில் அளவு வீல் சிலிண்டரைவிட அதிகம். பழைய துளை அதற்குப் பத்தாது. டிஸ்க் மாற்றுவதென்றால் மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கு ஒத்ததாக மாற்ற வேண்டும்.

சட்டத்தையும் வண்டிக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து மாறும் மாற்றங்களுக்கு இடமில்லை என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. புதிதாகத் தூக்கும் வேலையை நான் எடுப்பதில்லை. ஏற்கெனவே தூக்கிய வண்டி பிரேக்குக்காக வந்தால் திருப்பி அனுப்பவும் மாட்டேன். அது எப்படியும் ரோட்டில்தான் ஓடப்போகிறது, அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கப்போகிறார்கள். இறக்கிவிடலாமே என்று கேட்பேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

வேலை முடிந்து வண்டியை விடுவதற்கு முன்னால் லோடு வால்வுக்குப் பக்கத்தில் சேசிஸைத் துடைத்து, வெள்ளைப் பெயின்டில் மூன்று எண்கள் எழுதுகிறேன்: காலி வண்டியில் சேசிஸுக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள தூரம், அப்போது முன்னால் வந்த அழுத்தம், பின்னால் வந்த அழுத்தம். எழுத்து உப்பில் அழியாமலிருக்க மேலே வார்னிஷ் ஒரு பூச்சு. நாளைக்குக் கமானை யாராவது கழற்றினால், எங்கே திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று என்னைத் தேடி வராமலே அவருக்குத் தெரியும்.